சாய்ந்த படத்தை நேராக்க வேண்டுமா? திருமலைத் தெருப்படங்கள் பற்றி ஒரு விவாதம்

உப்புவெளியான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருமலை (திருகோணமலை) நகருக்குள் அண்மையில் எடுத்த படங்களில் ஆறை இங்கே போட்டிருக்கிறேன். டேற்றா குறைவாக இருப்பவர்களுக்குப் படம் திறக்காமல் போகலாம். அதனால் என்ன இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முதலாவது பஸ் நிலையம். கிண்ணியா பஸ் நகரத் தொடங்கிவிட்டது. ஒரு பெடியன் ஒரு காலை மிதிபலகையில் வைத்துவிட்டான், மற்றக் கால் நிலத்தை விட்டும் விடாமலும் இருக்கிறது. கொண்டக்டர் அவனை உள்ளே இழுக்கக் கை நீட்டுகிறார், அந்தக் கை பெடியனின் முகத்தில் பாதியை மறைக்கிறது. படம் முழுக்க இடப்பக்கம் சரிந்திருக்கிறது. இரண்டாவது மீன் சந்தை. அறுக்குளா வெட்டுபவரின் முகத்துக்கு நேரே தராசுச் சங்கிலி தொங்குகிறது. மூன்றாவதில் கோட்டைப் பக்கத் தெருவில் ஒரு புள்ளிமான். தலையும் முன்னங்கால்களும் மட்டும் உள்ளே, மிச்சம் சட்டகத்துக்கு வெளியே, பக்கத்தில் ஒரு அம்மாவின் குடை. நான்காவது, சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வந்த இரவு. சுவாமி படத்தில் இல்லை. நிறைகுடம் வைத்த மேசையும் அதற்குப் பின்னால் கூப்பிய கைகளும்தான் இருக்கின்றன, தலைகள் மேல் விளிம்பில் வெட்டுப்பட்டுவிட்டன. ஐந்தாவது கரைவலை இழுப்பு, கடல் சாய்ந்து கிடக்கிறது. ஆறாவது மழைக்குள் மத்திய வீதி, கிட்டத்தட்ட மங்கல் மட்டும்தான்.

படம் எடுக்கத் தொடங்கும் யாருக்கும் முதலில் சொல்லித் தருவது மூன்றில் ஒரு பங்கு விதி. நெடுக்காக இரண்டு கோடு, குறுக்காக இரண்டு கோடு, முக்கியமானதைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வை. அடிவானத்தை நேராகப் பிடி. மூட்டில் கைகாலை வெட்டாதே. தலைக்குப் பின்னால் கம்பம் வரவிடாதே. இந்த மூன்றில் ஒரு பங்குக்கு விதி என்று பெயர் வைத்தவர் ஜோன் தோமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர், 1797 இல். அவர் எழுதியது நாட்டுப்புறக் காட்சிகளை வரைவது பற்றி. ஓவியர் வரைந்து முடிக்கும் வரைக்கும் மரமும் வானமும் காத்து நிற்கும். திருமலை பஸ் நிலையத்தில் காத்து நிற்பது எதுவும் இல்லை.

முதலாவது படத்தைக் கணினியில் நேராக்கிப் பார்த்தேன். பஸ் நின்றுவிட்டது. முகம் முழுதாகத் தெரியும் வேறொரு படமும் அடுத்த கணத்தில் எடுத்தது கையில் இருக்கிறது. அதில் அவன் ஏறி முடிந்துவிட்டான், கொண்டக்டரின் கையும் திரும்பிப் போய்விட்டது. ஒழுங்கான படம் அதுதான். ஆனால் அதில் எதுவுமே நடக்கவில்லை.

ஆகவே என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் நடந்த விஷயமே காரணமாகப் படத்துக்குள் வந்த குறையைத் திருத்தக் கூடாது. சாய்வு, மறைப்பு, வெட்டுப்பட்ட கை, மங்கல் எதுவானாலும் சரி. திருத்தினால் நடந்ததையே நீக்கிவிடுகிறோம். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தோணித்துறை எழுதியது:

முதலாவது படத்தைப் பார்த்ததும் கண்டக்டரின் சத்தம் காதில் கேட்டது தம்பி. அதை நேராக்காதீங்க. எங்கட கிண்ணியா பஸ்ஸில் ஏறுகிறவனுக்குத் தெரியும், அந்தச் சரிவு கமராவில் வந்தது இல்லை.

மான் படம் எனக்குப் பிடிபடவில்லை. மான் முழுதாக நின்றிருந்தால் நல்லது போலத் தோன்றுகிறது.

பழைய இருட்டறை எழுதியது:

தம்பி உப்புவெளியான், படங்களைப் பார்த்தேன். தெருவில் நீ நிற்கும் நேரம் தெரிகிறது, அது எல்லோருக்கும் வராது. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

நான் ஸ்ரூடியோவில் வேலை பார்த்தவன். ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம். சண்டைக் காலத்தில் வீதி பூட்டிவிட்டால் ஃபிலிமும் வராது, தாளும் வராது. அப்படியான காலத்தில் ஷட்டரை அழுத்துவதற்கு முன் நான்கு மூலையையும் பார்க்கிற பழக்கம் தானாகவே வந்துவிடும். அதை யாரும் எனக்கு விதி என்று சொல்லித் தரவில்லை. முன்னால் நிற்கிற ஆளுக்கு நான் கொடுக்கிற மரியாதை என்றுதான் நினைத்தேன்.

குறையை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பார்க்காமல் எடுத்ததையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கினால் கண் மழுங்கிப் போகும். உன் இரண்டாவது படத்தை எடுத்துக்கொள். சங்கிலி முகத்துக்கு நேரே வந்ததற்குச் சந்தை காரணம் இல்லை. மீன் வெட்டுகிறவர் விடிய வந்தால் சந்தை கலையும் வரைக்கும் அதே கட்டைக்கு முன்னால்தான் நிற்பார். தராசும் அதே கொளுக்கியில்தான் தொங்கும். நீ அரை அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் முகமும் வந்திருக்கும், சங்கிலியும் ஒரு பக்கத்தில் அழகாக விழுந்திருக்கும். நகராததற்கு நீ சொல்லும் கொள்கை பொருந்தாது.

ஒன்றி கார்த்தியே பிரெசோனைப் பார். தெருவில் எடுத்தவர்தான், ஓடுகிறவர்களையும் பாய்கிறவர்களையும்தான் எடுத்தார். சட்டகத்தில் ஒரு கோடு பிசகாது. நெகற்றிவ் முழுவதும் அச்சாக வேண்டும், யாரும் வெட்டக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர். எங்கள் நாட்டில் லயனல் வென்ற் இருந்தார், 1900 இல் பிறந்து 1944 இல் மறைந்தவர். அவருடைய படங்களில் நிழல்கூட விழ வேண்டிய இடத்தில்தான் விழும். இவர்களை எல்லாம் பார்த்துவிட்டு, சாய்ந்தது சாய்ந்தபடி இருக்கட்டும் என்று என்னால் சொல்ல முடியாது.

உப்புவெளியான் எழுதியது:

ஐயா, இரண்டாவது படத்தைப் பற்றிச் சொன்னது சரி. அதை நீக்கிவிடுகிறேன்.

கார்த்தியே பிரெசோனைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய மிகப் புகழ்பெற்ற படம் 1932 இல் பாரிசில் சன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்தது. தேங்கி நிற்கும் தண்ணீருக்கு மேலால் ஒருவர் பாய்கிறார், குதிகால் தண்ணீரைத் தொடப் போகிறது. அதை அவர் வேலிப் பலகைகளுக்கு இடையில் லென்ஸை நுழைத்து எடுத்தார். லென்ஸ் நுழையத்தான் இடம் இருந்தது, கண்ணால் பார்த்துச் சட்டகம் அமைக்க இடம் இருக்கவில்லை. பாய்கிறவரின் முகம் தெரியாது. உருவம் கூர்மையாக இல்லை. நெகற்றிவின் ஒரு பக்கத்தைப் பலகை மறைத்துவிட்டது. கோடு பிசகாத மனிதரின் பெயரைக் கேட்டதும் உலகம் நினைப்பது, அவர் பார்க்காமல் எடுத்த ஒரு படத்தை.

அப்புறம் ரொபேர்ட் பிராங் என்ற புகைப்படக்காரர். 1955 இல் குகன்ஹைம் உதவித்தொகை பெற்று அமெரிக்காவைச் சுற்றி ஏறத்தாழ 28,000 படம் எடுத்தார். அதில் 83 படங்களுடன் 1958 இல் பாரிசிலும் அடுத்த வருடம் அமெரிக்காவிலும் நூல் வந்தது. அமெரிக்காவின் பெரிய புகைப்பட இதழ் ஒன்று அதைக் கிழித்துப் போட்டது. அர்த்தமில்லாத மங்கல், கலங்கிய வெளிச்சம், குடிவெறியில் ஆடும் அடிவானம் என்று திட்டினார்கள். இன்றைக்குத் தெருப்படம் எடுக்கிற எவரும் அந்த நூலைத் தாண்டிப் போக முடியாது. அவர் எடுத்தது இன ஒதுக்கலும் தனிமையும் நிறைந்த ஒரு நாட்டை. அதை நேரான அடிவானத்தோடு எடுத்திருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று படம் சொல்லியிருக்கும்.

பழைய இருட்டறை எழுதியது:

பலகைக் கதை எனக்கும் தெரியும் தம்பி. ஆனால் நீ பாதியில் நிறுத்திவிட்டாய். பலகை மறைத்த பகுதியை அவர் என்ன செய்தார்? வெட்டினார்! வெட்டவே மாட்டேன் என்று நின்ற மனிதர் வெட்டிய மிகச் சில படங்களில் அது ஒன்று. பாய்கிறவரின் மங்கலை விட்டார், பலகையை நீக்கினார். எது படத்துக்கு உரியது, எது வேலிக்கு உரியது என்று பிரித்துப் பார்த்தார். நான் கேட்பது அதைத்தான்.

பிராங் பற்றிச் சொன்ன கணக்கையும் நீயே திரும்பப் படி. 28,000 இல் 83. மிச்சம் எல்லாம் எங்கே போனது? குறையோடு எடுத்தார், சரி. குறையோடு எடுத்த எல்லாவற்றையும் காட்டினாரா?

ஏழுகிணறு எழுதியது:

இருவரும் சொல்வதற்கு நடுவில் ஒரு கேள்வி. பிரதான வீதியில் கமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் மின்கம்பி, கம்பம், பெயர்ப்பலகை, நிறுத்திய ஓட்டோ. பின்னணியைச் சுத்தமாக்கு என்று சொன்னால் கடைசியில் எல்லோரும் டச் பே கடற்கரைக்குப் போய் வெறும் கடலை வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். திருமலைப் படம் என்று இணையத்தில் தேடினால் வருவதும் அதுதான். கடல், மலை, கோயில், மான். ஊருக்குள் இருக்கிற ஊர் எங்கேயும் இல்லை.

அமெரிக்காவில் லீ ஃபிரீட்லாண்டர் என்று ஒருவர். கம்பத்தைச் சட்டகத்தின் நடுவில் வேண்டுமென்றே நிறுத்துவார். தன் நிழலே முன்னால் போகிறவரின் முதுகில் விழுகிற மாதிரி எடுப்பார். இந்தியாவில் ரகுபீர் சிங் அம்பாசடர் காரின் கதவையும் பக்கக் கண்ணாடியையும் சட்டகத்துக்குள் விட்டுக்கொண்டே நாட்டைச் சுற்றி வண்ணப் படம் எடுத்தார். ஒரு படத்துக்குள் நாலு துண்டு இருக்கும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு வேலை நடக்கும். எங்கள் தெருக்களுக்கு அந்தக் கண்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். எங்களில் யாரும் ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொண்டு சந்தியைக் கடப்பதில்லையே.

தோணித்துறை எழுதியது:

ஏழுகிணறு சொன்னதோடு எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சேர்க்கிறேன்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் நாங்கள் பாதையில்தான் கடந்தோம். இளம் ஆட்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற மிதவை. அது இருந்த வரைக்கும் யாரும் அதைப் படம் எடுக்கவில்லை. தினமும் ஏறி இறங்குகிற ஒன்றை ஏன் எடுக்க வேண்டும்?

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது மாமா ஒருவரைப் பாதையில் நிறுத்தி எடுத்த படம் இருக்கிறது. எடுத்தவருக்குப் பழக்கம் இல்லை. மாமா ஒரு ஓரத்துக்குப் போய்விட்டார், தோள் வெட்டுப்பட்டுவிட்டது. சட்டகத்தின் பெரும்பகுதியில் வேறு ஆட்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர், கோழிக்கூடையோடு ஒரு உம்மா, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்த பிள்ளைகள், ஒரு லொறியின் முன்சில்லு. அந்த நாளில் வீட்டில் எல்லோரும் அதைப் பழுதாய்ப்போன படம் என்று சொல்வார்கள். இப்போது பாலத்தில் இரண்டு நிமிடத்தில் கடந்து போகிறோம். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள். மாமா நடுவில் அழகாக நின்றிருந்தால் மாமா மட்டும்தான் மிஞ்சியிருப்பார்.

பழைய இருட்டறை எழுதியது:

தோணித்துறை, அந்தப் படத்தைக் கவனமாக வைத்திருங்கள். முடிந்தால் நல்ல ஸ்கேனரில் போட்டு ஒரு பிரதி எடுங்கள். போன் கமராவால் படத்தைப் படம் எடுப்பது போதாது.

2004 டிசம்பர் 26 க்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் உப்புநீரில் ஊறி ஒட்டிப்போன அல்பங்களைக் கொண்டுவந்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்கள். முகத்தில் பாதி கரைந்த படத்தையும் அப்படியே பெருப்பித்துத் தரச் சொன்னார்கள். அதை நான் மறக்கவில்லை. ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதன் பெறுமதி எடுக்கிறவனுக்குத் தெரியாது என்ற இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன்.

நெய்தல் எழுதியது:

நான் கற்பிக்கிறவள், போனில்தான் படம் எடுக்கிறேன். இவ்வளவு நேரம் சட்டகத்தைப் பற்றியே கதைத்தீர்கள், சட்டகத்துக்குள் நிற்கிறவர்களைப் பற்றியும் கதைக்க வேண்டும்.

இந்த ஊரில் முகம் நேராக, தெளிவாக, முழுதாக விழுந்த படம் என்றால் அது பெரும்பாலும் யாரோ கேட்டதற்காக எடுத்த படம். அடையாள அட்டைக்கு, பாஸுக்கு, பதிவுக்கு. இரண்டு காதும் தெரிய வேண்டும், தோள் சமமாக இருக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி அம்மாமார் வீதியில் நிற்கும்போது பிடித்திருப்பதும் பல வேளை அப்படி எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்ததுதான். ஒழுங்கான படத்தோடு எங்கள் சனத்துக்கு உள்ள உறவு அப்படி. தெரியாத ஒருவர் தெருவில் கமராவைத் தூக்கினால் யாருக்காக எடுக்கிறார் என்ற யோசனைதான் இன்றைக்கும் முதலில் வருகிறது. அதைப் பயம் என்று தள்ளிவிட முடியாது, பட்டறிவு.

இதனால்தான் உப்புவெளியானின் நான்காவது படம் எனக்கு ஆறிலும் முக்கியமாகப் படுகிறது. தலை வெட்டுப்பட்டது குறை என்று சொல்கிறீர்கள். அந்த வாசலில் நின்ற பெண்களை யாராலும் அடையாளம் பிடிக்க முடியாது, ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கையைத் தாங்கள் கண்டுபிடிப்பார்கள். வளையல் தெரிகிறது, மோதிரம் தெரிகிறது, ஒரு கையில் மாவோ கோலப்பொடியோ அப்படியே ஒட்டியிருக்கிறது. சுவாமி வருகிறார் என்று கேட்டதும் கோலம் போட்டபடி எழும்பி ஓடி வந்திருக்கிறார். நகர்வல இரவு எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் தம்பி, இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. முகத்தை வெட்டினால் எதையும் எடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உப்புவெளிக் கரையில் குளிக்கும் பெண்களைத் தலை இல்லாமல் எடுத்துவிட்டுக் கலை என்று போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே தலையை எடுத்ததும் வெறும் உடம்பு மட்டும் மிஞ்சுகிறது. உன் படத்தில் தலையை எடுத்த பிறகும் ஆள் மிஞ்சுகிறார். எதைத் தவறவிடலாம் என்று கேட்கும்போது இந்த வித்தியாசத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இதை எந்தக் கோடும் சொல்லித் தராது.

மான் படத்தைப் பற்றி இன்னொன்று. பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கே கமராவை எடுக்கலாம் என்று வாசலில் கேட்டுவிட்டே எடு. கடற்படைத் தளத்துப் பக்கமும் அப்படித்தான். தெருப்படம் எடுக்கிறவர்களுக்கு ஆர்வத்தில் இது மறந்துவிடும்.

உப்புவெளியான் எழுதியது:

அக்கா, கோலப்பொடியை நீங்கள் சொல்லும் வரைக்கும் நான் கவனிக்கவில்லை. பெருப்பித்துப் பார்த்தேன், ஓம், கோலமாவுதான்.

மான் வெளியே தெருவில் நின்றது. அவை இப்போது நகருக்குள் எல்லா இடமும் வருகின்றன. தோணித்துறை நாநா கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். முழு மானையும் எடுத்தால் அது சுற்றுலா அட்டைப் படம். திருமலையில் மானைப் பார்க்கிற விதம் அப்படி இல்லை. கடைக்குப் போகிற வழியில் ஓரக்கண்ணில் படும், விலகிப் போவோம். அந்த அம்மாவும் மானைப் பார்க்கவில்லை, குடையைச் சரித்து வழிவிட்டுப் போகிறார். பாதி மானும் பாதி குடையும் அதனால்தான்.

மின்கம்பம் எழுதியது:

இயந்திரத்தின் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்கிறேன். தெருவால் வருகிற குறை, கவனக்குறைவால் வருகிற குறை என்று பிரித்தீர்கள். மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, கருவி தானாகச் செய்வது.

போன் கமரா ஒரு படம் எடுப்பதில்லை. நாம் ஒரு தடவை அழுத்தினால் அது அடுத்தடுத்துப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். நிற்கிற சுவருக்கு அது நல்லது. ஓடுகிற காலுக்கு இரண்டு விளிம்பு வரும், முகத்தில் இருக்கிற சுருக்கத்தை அழுத்தித் தேய்த்தும் விடும். அந்த மங்கலுக்கும் மெதுவான ஷட்டரில் வருகிற மங்கலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பின்னது உண்மையாக நகர்ந்த பாதை. முன்னது கணக்குப் போட்டு ஒட்டியது. நேராக்கும் வசதியையும் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் முடிவெடுக்கும் முன் அது முடிவெடுத்துவிடும்.

சாய்விலும் இரண்டு வகை. போனிலும், இலத்திரனியல் ஷட்டர் உள்ள பல கமராக்களிலும் படம் ஒரே கணத்தில் பதிவதில்லை, ஒவ்வொரு வரியாகப் பதியும். அதற்குள் பஸ் நகர்ந்துவிடும். அதனால் பஸ் மட்டும் சரிந்தும் பின்னால் இருக்கிற கம்பம் நேராகவும் தெரிந்தால் அது கருவியின் வேலை. எல்லாமே சேர்ந்து சரிந்தால் கை சரிந்தது. உப்புவெளியானின் முதலாவது படத்தில் கடைப் பலகையும் சேர்ந்து சரிந்திருக்கிறது, அது கைதான். தாராளமாக வைத்திருக்கலாம்.

நகர்வல இரவில் மின்குமிழ் வெளிச்சத்தில் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் வையுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேட்ஸ், விளக்கு ஒரு செக்கனில் 100 தடவை துடிக்கும், அதோடு ஒத்துப்போக வேண்டும்.

சட்டகத்தை அவ்வளவு கவனிக்க நேரம் இல்லாத இடத்தில் ஃபோகசையாவது முன்கூட்டியே முடித்துவையுங்கள். முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) கமராவில் 28 மி.மீ. லென்ஸ், துவாரம் எஃப் 8, ஃபோகஸ் 3.3 மீற்றரில். கிட்டத்தட்ட 1.7 மீற்றரில் இருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூர்மையாக இருக்கும். பிறகு ஷட்டர் மட்டும்தான் கேள்வி. நடக்கிறவருக்கு 1/250 போதும், பஸ்ஸில் பாய்கிறவருக்கு 1/500 வேண்டும். கண்ணுக்கு முன்னால் தூக்காமல் நெஞ்சு உயரத்தில் வைத்தே எடுக்கலாம். சட்டகம் பிசகும், ஆனால் ஆட்கள் முகத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

நெய்தல் எழுதியது:

நெஞ்சு உயரத்தில் வைத்து எடுப்பது எனக்குச் சங்கடம். கமரா இருப்பது தெரிய வேண்டும். தெரிந்தால் வேண்டாம் என்று கையைக் காட்டவாவது ஒருவருக்கு இடம் இருக்கும்.

மின்கம்பம் எழுதியது:

சரி அக்கா, அது நியாயம். சந்தை மாதிரி நெருக்கத்தில் தூக்க இடமில்லாத நேரத்தை நினைத்துச் சொன்னேன். ஒளிப்பதற்காக இல்லை.

பழைய இருட்டறை எழுதியது:

இனி ஐந்தாவது படத்துக்கு வருகிறேன். கரைவலைப் படத்தை யாரும் தொடவில்லை. எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் வருத்தம் தந்ததும் அதுதான்.

கரைவலை இழுப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வலையைத் தோணியில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டம் இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். மீன் சேரும் வலையின் மடி கரையைத் தொடும்போது எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். அந்தக் கடைசி நேரத்தில் ஒழுங்கான சட்டகம் யாருக்கும் அமையாது, கால், கயிறு, நுரை, கூடை, காகம் எல்லாம் ஒன்றாகக் குவியும். அந்தக் குவியலை அப்படியே எடுத்திருக்கிறாய், மெச்சுகிறேன். முன்னால் நிற்கிறவரின் முதுகு படத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்திருக்கிறது. அதையும் விடு. உப்பு காய்ந்த அந்தச் சாரமும் முதுகும்தான் படம்.

ஆனால் கடலை நேராக்கு. இதை நான் பழைய பழக்கத்தில் சொல்லவில்லை. இழுக்கிறவர்கள் எல்லோரும் பின்னால் சாய்ந்து நிற்கிறார்கள். எங்கள் கரையும் சரிவு. ஆட்களும் சாய்வு, மணலும் சாய்வு. அந்தப் படத்தில் நேராக இருக்கக்கூடிய ஒரே பொருள் கடல்தான். அதையும் நீ சாய்த்துவிட்டால் அவர்கள் எவ்வளவு பாரத்தை இழுக்கிறார்கள் என்பதை அளக்க எதுவும் இல்லை. பார்க்கிறவனுக்குக் கமரா சாய்ந்திருக்கிறது என்றுதான் தோன்றும், ஆட்கள் சாய்ந்திருக்கிறார்கள் என்று தோன்றாது. சில கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். கையால் இழுக்கிறவர்களின் உடம்பு எவ்வளவு வளைந்தது என்று பிறகு ஒருவர் பார்க்க வேண்டுமானால் உன் படத்தில் சரியாகத் தெரிய வேண்டும்.

தோணித்துறை எழுதியது:

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. கயிறு இழுக்கிறவன் குதிக்காலை மணலில் புதைத்துக்கொண்டுதான் சாய்வான். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாகச் சாய்கிற சாய்வு அது. அதைக் கமராச் சாய்வோடு கலக்கக் கூடாது.

உப்புவெளியான் எழுதியது:

நேராக்கிப் பார்த்தேன் ஐயா, மறுபடியும் ஏற்றியிருக்கிறேன். நடுவில் நிற்கிறவர் விழுந்துவிடுவார் போல இருக்கிறார். முன்னைய படத்தில் சாதாரணமாக நிற்கிறவர் போலத்தான் தெரிந்தார். இது எனக்குப் புதிது. பஸ்ஸில் நேராக்கினால் இழுப்புப் போனது, கரைவலையில் நேராக்கினால் இழுப்பு வந்தது. இரண்டையும் ஒரே கொள்கையால் முடிவெடுக்க முடியவில்லை, ஒவ்வொரு படத்திலும் பாரம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

ஆறாவதையும் நீக்கிவிடுகிறேன். ஜப்பானில் 1968 இலும் 69 இலும் மூன்றே இதழ் வந்து நின்ற ஒரு புகைப்படச் சஞ்சிகையில் இருந்தவர்கள், தாய்தோ மொரியாமா போன்றவர்கள், மங்கலையும் துகளையும் கலங்கலையும் வைத்தே எடுத்தார்கள். அவர்களைப் பார்த்த ஆசையில் அந்த மழைப் படத்தை வைத்திருந்தேன். அவர்களுடைய மங்கலுக்குள் ஒரு நாய் திரும்பிப் பார்க்கும், ஒரு ஆள் ஓடுவார். என் மழைக்குள் தேடினால் மழை மட்டும்தான் இருக்கிறது. வாடைக்காற்று தொடங்கியதும் மறுபடியும் அதே வீதிக்குப் போகிறேன். கடைத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்குகிறவர்கள் நெருக்கி நிற்பார்கள், அங்கேதான் இருக்கிறது படம்.

ஏழுகிணறு எழுதியது:

வாடை வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் எங்கள் ஊரில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடிக்குள் போய்விடும். புத்தகங்கள் அந்த நேரத்தில் கமராவை வெளியே எடுக்காதே என்று சொல்லும். கண்குழி கறுக்கும், நெற்றி வெளுக்கும். ஆனால் எங்கள் சனம் பாதி நாளை அந்த வெயிலில்தான் கழிக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற நாளில் முகத்துக்குச் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியைக் கடப்பவர்களை நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருந்து எடுக்க முடியாது. காலை ஆறரையின் பொன்வெயிலில் எடுத்தால் அது அவர்களுடைய நாள் இல்லை.

பழைய இருட்டறை எழுதியது:

வெயிலில் எடுப்பதானால் முகத்தின் வெளிச்சப் பகுதிக்கு அளவு வை, கறுப்பு கறுப்பாகவே போகட்டும். இரண்டையும் காப்பாற்ற நினைத்தால் சாம்பல்தான் கிடைக்கும்.

நான்காவது படத்தில் மட்டும் நான் இன்னும் நெய்தல் பிள்ளையோடு உடன்படவில்லை. கைகள் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது சுவாமியை. அவருடைய வெளிச்சமாவது ஒரு ஓரத்தில் விழுந்திருக்க வேண்டும். இப்போது அந்தக் கைகள் எதைக் கும்பிடுகின்றன என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது.

நெய்தல் எழுதியது:

வெளியூர்க்காரருக்காக எடுத்த படம் இல்லையே ஐயா. நிறைகுடத்தைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். வெளிச்சமும் இருக்கிறது, குடத்தின் பித்தளையில் பாருங்கள், மஞ்சளாக ஒரு கீற்று விழுந்திருக்கிறது.

பழைய இருட்டறை எழுதியது:

பார்த்தேன். கீற்று இருக்கிறது. ஆனாலும் போதாது என்பதுதான் என் எண்ணம், அதில் மாறமாட்டேன்.

தம்பி, நான்கையும் பிரின்ற் போடப் போகிறாயா?

உப்புவெளியான் எழுதியது:

ஓம் ஐயா. பஸ், மான், நகர்வலம், கரைவலை. இரண்டு பிரதி போட்டு, பஸ் நிலையத்திலும் அந்த வாசலிலும் கரையிலும் நின்றவர்களைத் தேடிப்போய்க் கொடுப்பதாக இருக்கிறேன். வேண்டாம் என்று யாராவது சொன்னால் இங்கேயிருந்தும் அந்தப் படத்தை நீக்கிவிடுவேன்.

பழைய இருட்டறை எழுதியது:

நல்லது. கொடுக்கிறதுக்கு 4 அங்குலத்துக்கு 6 போதும், மட் தாளில் போடு. பளபளப்புத் தாள் மீன் கை பட்டால் உடனே பழுதாகும். கரைவலைப் படத்தை மட்டும் 8 க்கு 12 இல் ஒன்று எடுத்து வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கொடு, கரையில் உள்ள வாடியில் (கொட்டிலில்) மாட்டுவார்கள். விளிம்பில் கால் அங்குலம் வெள்ளை விடச் சொல்லு. இல்லாவிட்டால் கடைக்காரர் தாளுக்கு ஏற்றமாதிரி அந்த முதுகை வெட்டிவிடுவார்.